பதினாறுக்குப் பரிதியும் வருவான்

நீடாமங்கலம்

அன்புள்ள சுடர்விழிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று வீடியோ போனில் சிரித்தாய், நான் நம்பவில்லை, நேரத்துக்குச் சாப்பிடு. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பா நாற்றங்காலே கதி என்று கிடக்கிறார். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் முகம் பார்த்து மனதை அறிய நீ செய்த செயலியை உன் தம்பி பரிதி தினமும் திறக்கிறான். திரையில் வரும் முகத்துக்குச் சரியான உணர்ச்சியின் பெயரைத் தொட்டால் கிளி பறக்கிறது. மாற்றித் தொட்டால் ‘தவறு, மீண்டும் முயற்சி செய்’ என்கிறது. அந்தக் குரலை அப்படியே பிடித்துக்கொண்டான். போன வாரம் எதிர்வீட்டு வீரையன் சித்தப்பா இறந்தபோது அவனையும் கூட்டிப் போனேன். நம் சாவு வீடு உனக்குத் தெரியும். யாராவது உள்ளே வந்தால் கட்டிக்கொண்டு அழுகை. அவர்கள் உட்கார்ந்ததும் நடவு ஆள் பேச்சு. அடுத்தவர் வந்தால் மறுபடி அழுகை. பிரகதாம்பாள் அத்தை அழுது முடித்து மூக்கைத் துடைத்து, “காபில சீனியே இல்லயே” என்றாள். பரிதி அவள் முகத்துக்கு நேரே குனிந்தான். “தவறு, மீண்டும் முயற்சி செய்” என்றான். கிளியின் அதே குரல். யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தைக்கு வந்ததே கோபம், “இத வீட்டுல பூட்டி வைக்காம இங்க ஏன்டி இழுத்துக்கிட்டு வர்ற” என்றாள். நான் எழுந்து போகவில்லை. “இதுன்னு சொல்லாதீங்க அண்ணி, பேரு பரிதி” என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனை விட்டுவிட்டுப் போ, வம்பு வேண்டாம், அழுகை என்றால் சோகம் என்று இன்னும் பழக்கு என்றாய் நீ. மாட்டேன். அத்தையின் அழுகையும் நிஜம், சீனியும் நிஜம். ஒரு முகத்துக்கு ஒரே பெயர் வைத்தது நீ. அன்று நீலாம்பாள் சித்தி அழவே இல்லை. புருஷன் போயும் கண் கலங்கலயே, கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தார்கள். பரிதி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். எந்தப் பெயரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான், சித்தப்பாவைத் தூக்கும்வரை நகரவில்லை. நேற்று சித்தியே வந்து, “யாரு வரலன்னாலும் வுடு, அவன கூட்டிட்டு வா” என்றாள்.

புதுச் சட்டை எடுத்துவிட்டேன். முன்னால்தான் உட்கார வைப்பேன். அத்தை வேண்டுமானால் தள்ளி உட்காரட்டும். நீ அந்தத் ‘தவறு’ என்ற சொல்லை எடு. பெயர் எதையும் தொடாமல் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் இடம் வை. அதுவரை செயலியைத் திறக்க விடமாட்டேன்.

நீண்ட ஆயுளோடு இரு, உன் கைவேலை நிலைக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை. போனில் நீ சிரித்ததைப் பரிதியும் பார்த்தான். பெயர் சொல்லவில்லை. நீ வைத்த பிறகும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். லீவு போட்டு வா.

உன் அம்மா,
வானதி