பிரெவிட் லேன் பெயர் மாற்றம் குறித்து

அக்டோபர் 4, சனி

வெயில் இன்னும் தணியவில்லை. கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுக்க அவசரமில்லை. மாவு அரைத்தாயிற்று. கார் டயரில் காற்றுக் குறைவு; அவரிடம் சொல்ல வேண்டும்.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து மின்னஞ்சல். பக்கத்துத் தெருவான பிரெவிட் லேனின் பெயரை மாற்றக் கோரி விண்ணப்பமாம். கோரியவர் அங்கே வசிக்கும் சுரேஷ். காரணம்: "குடியிருப்போர் நலன்." இருமுறை வாசித்தேன். சினம் மூண்டது.

சரஸ்வதி பூஜைச் சுண்டலுக்குச் சுரேஷ் வீட்டுக்குச் சென்றபோது அப்பெயரின் வரலாற்றை எடுத்துரைத்தவள் நானே. தங்கள் தெருவின் பெருமையை அவர்கள் அறியட்டும் என்று சொன்னேன். அறிந்ததன் பயன் இது.

சொன்னதை இங்கும் குறித்துவைக்கிறேன். எங்கள் குடியிருப்பு எழுந்துள்ள நிலம், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய இராணுவக் கல்லூரியின் மைதானம். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்நாட்டு ஃபுட்பாலை ஆடினார்கள். தலைக்கவசம் கிடையாது. அந்தப் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் வெற்றி. நான்காவதில் கிளைட் பிரெவிட் என்ற மாணவன் ஆட்களின் குவியலுக்கு அடியில் சிக்கினான். எழுந்தான், மேலும் ஆடினான், விழுந்தான். மறுநாள் காலை மரணம். மீதம் இரண்டு ஆட்டங்கள். இரண்டுக்கும் தோழர்கள் ரயிலேறிச் சென்றார்கள். சீருடையில் வரிசையாக நின்று, ஆட்ட நேரம் முடியும்வரை அசையாமல் இருந்து, பந்தைத் தொடாமலே திரும்பினார்கள். செய்தித்தாள் இரண்டையும் தோல்வி என்று பதிந்தது. அதிலும் எனக்குக் கோபம் உண்டு.

வீடுகளைக் கட்டியவர்கள் அணியின் பழைய படத்திலிருந்து பெயர்களை எடுத்துத் தெருக்களுக்குச் சூட்டினார்கள். நான்கே வீடுகள் உள்ள எங்கள் முட்டுத் தெருவுக்கு மட்டும் மேப்பிள் கோர்ட். ஒரு மேப்பிள் மரமும் கிடையாது.

அக். 5, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

சு.வின் மனைவி விஜி தொலைபேசியில். குரலில் தேன்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. செத்துப்போன பையன் பேரை டெய்லி அட்ரஸ்ல எழுதணுமா? இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான் இவருக்கு லே ஆஃப் ஆச்சு. சென்னைல நியூமராலஜிஸ்ட்டைக் கேட்டோம், கூட்டினா எட்டு வருதாம்."

அவள் மகனுக்கு இட்டிருப்பது சு.வின் காலஞ்சென்ற தாத்தாவின் பெயர். இறந்தவர் பெயரை வீட்டுக்குள் நாள் முழுதும் கூப்பிடலாம், தெருமுனைக் கம்பத்தில் மட்டும் ஆகாதா என்று கேட்டேன்.

"அவர் வயசாகிப் போனார் ஆன்ட்டி. இவன் அப்படியா? நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே இருக்காது."

இணைப்பைத் துண்டித்தேன். என் வாழ்நாளில் இரண்டாம் முறை.

அகால மரணம் அந்தப் பிள்ளை செய்த குற்றமோ?

அக். 9, வியாழன்

வாங்க: துவரம்பருப்பு, நல்லெண்ணெய், பெருங்காயம். பல் மருத்துவரிடம் தேதி மாற்ற.

சு. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்: லைப்ரரியில் உட்கார்ந்து பொழுதுபோக்குபவர்களுக்கு ஹோம் வேல்யூ பற்றி என்ன தெரியும் என்று. பெயர் குறிப்பிடவில்லை. நாகரிகமாம்.

பத்தாம் வகுப்போடு பள்ளி நின்றவள் நான். இந்நாட்டின் மொழியை அந்த நூலகத்தில்தான், அகராதியைத் துணைகொண்டு, எவரும் கற்பிக்காமல் கற்றேன். அது பொழுதுபோக்கு அன்று.

பதில் அனுப்பவில்லை. எழுதியதை அழித்தேன். இரு முறை.

அக். 14, செவ்வாய்

சங்கக் கூட்டம், கிளப்ஹவுஸில். காபி கழுநீர்.

சு. முன்மொழிந்த புதுப் பெயர்: ப்ராஸ்பெரிட்டி லேன். கைதட்டல் வேறு. எனக்கு இரண்டு நிமிடம் அளித்தார்கள். ஆங்கிலத்தில் பேசினேன், தாள் பாராமல். ஒருவர் முழு நேரமும் கைப்பேசியில். வாக்கெடுப்பில் தோற்றோம். பெயர் நீங்குகிறது.

உட்கார மனமில்லை. நின்றபடியே சொன்னேன்: உங்களுக்கு வேண்டாத பெயரை எங்கள் தெருவுக்குத் தாருங்கள்.

தலைவர் ஜோன் அம்மையார் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். தெருவின் நான்கு வீட்டாரும் ஒப்பினால் நகராட்சிக்குப் பரிந்துரைப்பார்களாம். வெளியே வருகையில் பின்னால் சு.வின் குரல்: "நல்லதுதான். அங்கயே இருக்கட்டும் அது."

அது!

அக். 16, வியாழன்

மூன்று வீட்டார் ஒப்புதல் தந்தாயிற்று. எதிர்வீட்டு முதியவர் காரணம்கூடக் கேட்கவில்லை. எஞ்சியது நான்காம் வீடு. எங்களுடையது. வீடு இருவர் பெயரிலும். என் கையொப்பம் மட்டும் போதாது.

என் கணவர் சட்னியைப் பார்த்தபடி: "ஏம்மா, பையனுக்கு இப்பதான் ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருக்கு. பொண்ணு வீட்டுல அட்ரஸைக் கூகுள் பண்ணுவாங்க. லைசென்ஸ், பாங்க், ஓ.சி.ஐ. கார்டு எல்லாம் மாத்தணும். யார் அலையறது?"

"நான் அலையறேன்."

"உனக்கு அவன் யாரு?"

அந்தக் கேள்வி இன்னும் சினமூட்டிற்று. ஊரார் மறுத்ததைப் பொறுத்தேன். இவருமா? தோசைக் கல்லை வேண்டுமென்றே ஓசையுடன் வைத்தேன்.

அக். 18, சனி

காற்று. வேலிக் கதவு தளர்ந்து ஆடுகிறது.

தீபாவளிக்கு ரிப்பன் பக்கோடா பிழிந்துகொண்டிருந்தேன். நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த அந்தப் பழைய செய்தித்தாளின் நகல் மேசைமேல் கிடந்தது; அவர் அதை எடுத்துப் படித்தார், கண்ணாடியைத் தேடி அணிந்து. நான் தரவில்லை. சொல்லவும் இல்லை. வெகுநேரம் கழித்து:

"அந்தப் பையன் நிக்கிற இடத்தைக் காலியா விட்டுட்டா நின்னாங்க?"

"ஆமாங்க. பத்துப் பேர்தான். நடுவுல ஓர் ஆள் இடம்."

"ரெண்டாவது மேட்ச்லயும்?"

"ரெண்டாவதுலயும்."

பேனா கேட்டார். என் கையெல்லாம் மாவு. தாமே எழுந்து தேடி எடுத்துக் கையொப்பமிட்டார். டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

டிசம்பர் 6, சனி

முதல் உறைபனி எச்சரிக்கை. கறிவேப்பிலைத் தொட்டி உள்ளே. ஓர் இலை பழுப்பு.

பிரெவிட் பெயர்ப் பலகையை எங்கள் தெருமுனையில் நேற்று நட்டார்கள். பச்சை. ஒருபுறம் சற்றே சாய்வு. நகராட்சிக்கு எழுத வேண்டும். விஜி மாலை நடையைப் பூங்காப் பக்கம் மாற்றிக்கொண்டாள். இங்கே வருவதில்லை. மகிழ்ச்சி.

பெண் வீட்டாரின் அழைப்பு, கோயம்புத்தூரிலிருந்து. கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அனுப்ப விலாசம் கேட்டார்கள். நான் அடுப்படியில். அவர் ஸ்பீக்கரில் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தேன்.

சம்பந்தி அம்மாள்: "அதென்னங்க, யாரு பேருங்க அது?"

அவர் தயங்கவில்லை.

"எங்க தெருப் பையனுங்க. ஃபுட்பால் ஆடுவான்."