நாய்க்குக் கொடுத்த மாத்திரை

ஜூலை 2, செவ்வாய்

இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது. ஒன்றில் மனிதருக்கு வைத்தியம், இன்னொன்றில் மாட்டுக்கும் நாய்க்கும். மாதம் முடிவதற்குள் எது வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால் இன்றைக்கே சொல்லிவிடுவேன், கால்நடை மருத்துவம்தான் என்று. தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து டாக்டரம்மாவின் கால்நடைக் கிளினிக்கில்தான் பகல் முழுவதும் கிடக்கிறேன். பூனையைப் பிடித்துக்கொள்வது, மேசையைத் துடைப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது. வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் முடி.

ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்? அப்பாவுக்கு நான் மனுஷ டாக்டராகத்தான் ஆக வேண்டும். அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடமெல்லாம் என் கதையை அவிழ்த்துவிடுகிறார். கியர் மாற்றத் தெரியாதவர்கள் என் வாழ்க்கையை மாற்ற யோசனை சொல்கிறார்கள். இன்று ஒருவர் சொன்னாராம்: "மனுஷ டாக்டர் வந்தா ஊரே எழுந்து நிக்கும். மாட்டு டாக்டர் வந்தா மாடுகூட எழுந்து நிக்காது." அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 4, வியாழன்

அம்மா இதுவரை வாயே திறக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 6, சனி

காலையில் டாக்டரம்மாவோடு ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனேன். பசு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கிடக்கிறதாம். டாக்டரம்மா தோள்வரை கையுறை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே தேடினார். பிறகு என்னையும் கையை விடச் சொன்னார். என் கை சின்னது, சட்டென்று நுழைந்தது. சூடு, வழுவழுப்பு, நடுவில் ஒரு குளம்பு. பிடித்து நிமிர்த்தினேன். டாக்டரம்மா இழுத்தார். கன்று வைக்கோலில் வந்து விழுந்து, தும்மி, தலையை ஆட்டியது. பண்ணைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பசுவும் பேசவில்லை. அந்த அமைதி எவ்வளவு நன்றாக இருந்தது!

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா பள்ளிக்கூட டீச்சர். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் எதையும் கேட்பாள்.

"மிருகங்க மேல இருக்கற ஆசையில போறியா, இல்ல மனுஷங்க மேல இருக்கற கூச்சத்துல போறியா?"

அது எப்படி அப்படிக் கேக்கலாம்? விருந்தாளி வந்தா மொட்டை மாடிக்கு ஓடுவேன், சரி. போன் அடிச்சா எடுக்க மாட்டேன், சரி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எழுந்து மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

அடுத்த தெருத் தையல்கார அக்கா தன் நாயோடு வந்தார். அந்த நாயை எல்லோரும் கிழவன் என்றுதான் கூப்பிடுகிறோம். இதயம் பழுது. நுரையீரலில் நீர் கோத்து இருமுகிறது. நீர் பிரிய மாத்திரை கொடுத்து வருகிறோம்.

மாத்திரை தீர்ந்துவிட்டதாம். இவ்வளவு சீக்கிரம் தீர நியாயமே இல்லை. நாய் துப்பிவிடுகிறது என்றார் அக்கா. டாக்டரம்மா தலையாட்டிவிட்டு இன்னொரு அட்டை கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஆனால் கிழவன் எதையும் துப்புகிற ரகமில்லை. ரொட்டித் துண்டுக்குள் வைத்தால் சாவியைக்கூட விழுங்கிவிடுவான்.

வாசற்படி ஏறுவதற்குள் கிழவனுக்கு மூச்சு வாங்கியது. அக்காவுக்கும் வாங்கியது. தெருமுனை வரை நாயைத் தூக்கி வந்ததால் இருக்கும் என்று நினைத்தேன்.

ஜூலை 11, வியாழன்

மனசு கேட்கவில்லை. கிழவனைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தையல் இயந்திரம், தைக்க வந்த துணி மூட்டைகள். உள்ளே கட்டிலின் மேலும் துணிதான் அடுக்கியிருந்தது. சாய்வு நாற்காலியில் தலையணையும் போர்வையும்.

எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டேன். நாற்காலியில்தானாம். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கிழவனும் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறான், ஆளுக்கொரு மூலையில் காவல் இருக்கிறோம் என்று சிரித்தார். செருப்பு வார் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. குனிந்து அவர் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நீர்தான், கிழவனுக்குக் கோத்ததுபோல.

நானாக ஒரு மனுஷியைத் தொட்டேன். அப்போது தோன்றவில்லை, இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

"அக்கா, மாத்திரையை யாரு சாப்பிடறா?"

கொஞ்ச நேரம் நூலைக் கோப்பதுபோல் பாவனை செய்தார். பிறகு சொன்னார்: "அவனுக்கு ஒண்ணு, எனக்குப் பாதி. அவனுக்கு இருமல் நின்னுச்சே, எனக்கும் கேக்கும்னு பாத்தேன். கேட்டுச்சும்மா. கால் வீக்கம் வடிஞ்சுது. இப்பதான் மறுபடியும்..."

திட்டத் தோன்றவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பிடி கொடுக்கவே இல்லை. படுக்க வைத்துவிட்டால் கிழவனை யார் பார்ப்பார்கள் என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஜூலை 12, வெள்ளி

டாக்டரம்மாவிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கேட்டிருக்க வேண்டியது நான், என்றார். மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். நானும் ஓடினேன்.

"உங்க நெஞ்சுல நான் குழாயை வெச்சுக் கேக்கலாம், எனக்குக் காதுல விழும். ஆனா வைத்தியம் பாக்கக் கூடாது. இன்னிக்கே கிளம்புங்க," என்றார். அக்கா கிழவனையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அப்பாவின் வண்டியில்தான் கூட்டிப்போனோம். ஒரு மாணவர் ஓட்டிக்கொண்டிருந்தார், அப்பா அவரை இறக்கிவிட்டுத் தானே ஓட்டினார். வண்டியின் தலையில் 'கற்பவர்' பலகை. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆம்புலன்ஸுக்குக்கூட இந்த மரியாதை கிடைக்காது என்றார் அப்பா. அக்காவை உடனே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

கிழவன் எங்கள் வீட்டில். சாப்பிடுவதில்லை. அப்பா கீழே உட்கார்ந்து ஊட்டிப் பார்க்கிறார். நாயே ஆகாது என்றவர்!

மாலையில் வார்டுக்குப் போனேன். அக்காவுக்கு மூச்சு பரவாயில்லை. இளம் டாக்டர் ஒருவர் வந்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். இப்போதுதான், ஒரு வாரமாக என்றார் அக்கா, கூசாமல். டாக்டர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். நான் பின்னாலேயே போய் நாற்காலி, தலையணை, பாதி மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டேதான், இருந்தாலும் சொல்லி முடித்தேன். அவர் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டார். மருந்தையும் மாற்றினார்.

அக்கா என்னை முறைத்தார். பிறகு தன் ஆரஞ்சைப் பாதி கொடுத்தார்.

ஜூலை 17, புதன்

மதியம் கிழவன் போய்விட்டான். டாக்டரம்மா வந்து வலிக்காமல் பார்த்துக்கொண்டார். என் மடியில்தான் தலை வைத்திருந்தான். பின்பக்க வேலியோரம் அப்பா குழி வெட்டினார்.

அக்காவிடம் யார் சொல்வது? டாக்டரம்மா தானே சொல்வதாகச் சொன்னார். வேண்டாம், நான் போகிறேன் என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது?

மாலையில் வார்டுக்குப் போனால், சொல்ல ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும், "போயிட்டானா?" என்றார். ஆமாம் என்றேன். கஷ்டப்பட்டானா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு அவன் குட்டியாக இருந்தபோது ஒரு கல்யாணச் சட்டையின் கையைக் கடித்துக் குதறிய கதையைச் சொன்னார். அந்த மாப்பிள்ளை கையில்லாச் சட்டையோடு மேலே கோட்டைப் போட்டுச் சமாளித்தாராம். சிரித்துக்கொண்டே அழுதார். பார்வையாளர் நேரம் முடியும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மொட்டை மாடி ஞாபகமே வரவில்லை.

ஜூலை 18, வியாழன்

கிளினிக் போகவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

என்னையே கேட்டுப் பார்க்கிறேன். கன்று பிறந்தபோது சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் இந்த இரண்டு வாரமாக மனசு எதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது? கிழவனின் இருமலையா? இல்லை. அந்த நாற்காலியை. 'ஒரு வாரமாக' என்று அக்கா சொன்ன பொய்யை. கிழவன் எதையும் மறைக்கவில்லை, இருமினான், அவ்வளவுதான். அவர் சிரித்துச் சிரித்து மறைத்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் போய்ப் பார்க்கத்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது. பேசாத ஜீவன்தான் வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேனே...

அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் போலிருக்கிறது. ஆனால் இப்போது போய் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு மாதமாக அவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு, கடைசியில் நீங்கள் சொன்னதுதான் சரி என்றா? தலை தப்பாது. டிரைவிங் ஸ்கூல் முழுக்க வெற்றி விழா நடக்கும்.

ஜூலை 24, புதன்

முதலில் டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஒரு பூனையின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை, முகம் மட்டும் கொஞ்சம் தொங்கிப்போனது. "உன் கை எனக்குத் தேவைப்பட்டுச்சு," என்றார். பிறகு, பூனையைக் கெட்டியாகப் பிடி என்றார். பிடித்தேன். கிளம்பும்போது என் முதுகைத் தட்டினார். அழுதுவிட்டேன், தெருவுக்கு வந்த பிறகு.

ஜூலை 26, வெள்ளி

சொல்லிவிட்டேன். இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை!

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். கிழவன் போன நாளிலிருந்தே அவர் கட்சி மாறிவிட்டாராம். டாக்டரம்மா அந்த நாயின் தலையைத் தடவிய விதத்தைப் பார்த்து, படித்தால் இதைத்தான் படிக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாராம். மாட்டு டாக்டர் என்று கேலி பேசியவரை நடுரோட்டில் வண்டியை நிறுத்தி வாதாடி ஒப்புக்கொள்ளவும் வைத்தாராம்.

"இனிமே ஒவ்வொருத்தர்கிட்டயா மறுபடி மாத்திச் சொல்லணுமா கண்ணு?" என்றார். முகத்தில் அவ்வளவு அலுப்பு.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து பாத்திரம் உருளும் சத்தம். சிரிக்கிறாள்.

மூன்றாம் ஆண்டு, செப்டம்பர் 9, புதன்

இன்றுதான் முதல்முறையாக வார்டில் தனியாக நோயாளியிடம் பேசவிட்டார்கள். கூடப் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை முணுமுணுத்துக்கொண்டே நின்றார்கள். எனக்கு ஜன்னலோரக் கட்டில். லாரி ஓட்டுகிறவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. வீட்டுல பயந்துபோய்ச் சேத்துட்டாங்க."

எந்த ரோடெல்லாம் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். மெல்லத் திரும்பினார். மலைப்பாதையில்தான் அதிகமாம். கொண்டை ஊசி வளைவுகளைக் கையாலேயே வரைந்து காட்டினார். ஒரு வளைவில் கை நின்றது. போன மாதம் அங்கேதான் வண்டியை ஓரங்கட்டி ரத்தமாக வாந்தி எடுத்ததாகச் சொன்னார். இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம்.

மற்றவர்கள் மணியடித்ததும் சாப்பிடப் போய்விட்டார்கள். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.