பிழைகளைக் கொட்டிய இடம்

டிசம்பர் 3, செவ்வாய்

கரையோர ஊர்களுக்குக் காற்று எச்சரிக்கையை மெசேஜாக அனுப்புவது எங்கள் மீனவர் சங்க அலுவலகம்தான்.

ஞாயிறு பின்னேரம் காற்று எச்சரிக்கை இறக்கக்கண்டிப் படகுகளுக்குப் போகவில்லை. அங்கே மீன் பிடிக்கும் டொமினிக்கின் வலை கடலோடு போயிற்று. ஆள் கரை சேர்ந்ததே பெரிது. சங்கத் தலைவர் இராசதுரை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ரபீக்கா மெசேஜ் அனுப்புற பட்டனை அமத்த மறந்திட்டா." வெள்ளியோடு அவளுக்கு இங்கே வேலை இல்லையாம். ரபீக்கா என்னிடம் வந்து சொன்னாள்:

"அமத்தினனான் அக்கா. 'முடிந்தது' எண்டு திரையில வந்திச்சு."

டிசம்பர் 4, புதன்

மெசேஜ் அனுப்பும் நிரலை, அந்தப் பைதன் ஸ்கிரிப்டை, திறந்து பார்த்தேன். அது சாதாரணமாகச் சொல்வது ஒரு வழியால் வரும், பிழையைச் சொல்வது இன்னொரு வழியால். இரண்டாவது வழியைக் குப்பைக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஒரு போன் எண் பிழையாக இருந்தால் அந்த ஊருக்கான மெசேஜ் முழுதும் நின்றுவிடும். திரையில் "முடிந்தது" என்றே வரும்! தன் பிழையைத் தானே சொல்கிற ஒன்றின் வாயை எதற்காகப் பொத்தினார்கள்?

ஸ்கிரிப்டை எழுதிய பிரதீபனைப் போனில் பிடித்தேன்.

"தலைவர் சொல்லித்தான் மிஸ். உதவி தாற ஆக்கள் பார்க்க வரேக்க சிவப்பு எழுத்து ஓடினா வடிவில்லையாம்."

வடிவில்லை! மனிசர் கடலில நிக்கினம், இவருக்கு வடிவு வேணும்.

டிசம்பர் 5, வியாழன்

பிழைகளை ஒரு லொக் பைலுக்கு, அதாவது பதிவுக் கோப்புக்கு, திருப்பினேன் — பழையதை அழிக்காமல் கீழே சேரும்படி, நேரத்தோடு. ஞாயிறன்று போன பட்டியலை, மெசேஜ் எவருக்கும் போகாமல், சோதனையாகத் திரும்ப ஓட்டினேன். புதிதாகச் சேர்த்த ஒரு எண்ணில் ஓர் இலக்கம் குறைவு. இறக்கக்கண்டி அதில்தான் நின்றது. எண்ணைத் திருத்திவிட்டு, பைலில் விழுந்த அந்தப் பிழை வரியைத் தலைவருக்குக் காட்டினேன்.

"ஒரு பைலைக் காட்டி எனக்குப் படிப்பிக்கிறியளோ, தங்கச்சி? மெஷின் பிழை விட்டா ஆர் பொறுப்பு?"

"அதை மறைக்கச் சொன்ன ஆள்."

அலுவலகத்தில் நான் இவ்வளவு உரத்துக் கதைத்ததில்லை. அவர் எழும்பிப் போய்விட்டார். நாளையோடு ரபீக்காவின் வேலை போய்விடுமா?

டிசம்பர் 6, வெள்ளி

பின்னேர மெசேஜ் போனதும் லொக் பைலில் ஒரு புது வரி: திரியாய் ஊருக்குப் போகவில்லை. ரபீக்கா உடனே போனை எடுத்து, அந்த ஊர் மீனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினாள்.

"தர்சன் அண்ணன், போட்டைக் கடல்ல இறக்காதீங்க… ஓம், காத்து வருது… வலையா? ஆள் இருந்தாத்தானே வலை!"

அவளை நிறுத்திவிட்டு, அலுமாரியைப் பூட்டும் திறப்பை அவளிடம் வாங்கத்தான் தலைவர் வந்தவர். அவள் நிமிராமலே கையைக் காட்டினாள், பொறுங்கள் என்று. பொறுத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இன்னும் எத்தினை பேர்?"

"கனபேர்."

"பாதியை எனக்குத் தா."

இருட்டும்வரை இரண்டு போனும் ஓயவில்லை. திறப்பை அவர் கேட்கவில்லை. ரபீக்கா வழக்கம்போல அலுமாரியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.