பலகைக்குப் போடாத கையெழுத்து

ஆக்லாந்து, 9 பெப்ரவரி 1988, செவ்வாய்

சுங்கத்தில் இந்த வருடம் புது எண்கள். அறுத்து இழைத்த பலகைக்கு ஓர் எண், வெறும் கட்டைக்கு வேறு எண். கட்டை என்றால் வாங்குகிறவனுக்கு வரி குறைவு. எங்கள் கம்பனி அனுப்பும் மரத்தைத் துறைமுகத்தில் தொட்டுப் பார்த்தேன், வழுவழுப்பான பலகை. மனேஜரோ ஏற்றுமதிப் படிவத்தில் கட்டை என்று நிரப்பி, என் கையெழுத்துக்காக, கூட வேலை செய்யும் சிவராசாவிடம் கொடுத்தனுப்பினார்.

“ஒரு கையெழுத்துத்தானே அக்கா. இவ்வளவு காலமும் கட்டை எண்டுதானே போனது. உங்கட பட்டப்படிப்பை இங்க காட்டாதேங்கோ, வேலை போயிடும்.”

“ஓம். அப்ப நீர் போடும்.”

பேனையை நீட்டினேன். வாங்கினான். மூடியைக்கூடக் கழற்றாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

நாளை காலை எட்டு மணிக்கு, படிவம் எங்கே என்று மனேஜர் கூப்பிடுவார். அவரிடமும் அதே பேனையைத்தான் நீட்டப்போகிறேன்.