கைநாட்டு வைக்கமாட்டேன்

மார்ச் 4

என் அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான்! இந்த ஒரு வரிக்குள் தேநீர் ஆறிவிட்டது.

போன செவ்வாய் மத்தியானம் என் மரப்பட்டறையில் தீப்பிடித்தது. பயப்படாதே, முழுசாக இருக்கிறேன். சங்கு ஊதியதும் நம் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் ஓடிவந்தார்கள். சம்பளமில்லாத படை என்று உனக்குத் தெரியும். முடிதிருத்துபவர் ஒருவரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வந்தார். அந்த ஆளும் ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்தார்!

படைத்தலைவி நம் தையல்காரம்மா. கோடரியால் கதவைப் பிளந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார்.

“உள்ள என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“மரம் இழைக்கிற இழைப்புளியத் தேடிக்கிட்டிருந்தேம்மா.”

“மொதல்ல உசுரத் தேடுங்க!”

மருமகளைக் கேட்டதாகச் சொல்.

உன் அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

யாரை வைத்து எழுதினீர்கள்? எழுத்து ஒரே கோணல். ஆனாலும் படித்ததும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

பக்கத்து வீட்டு மாமா தொலைபேசியில் எல்லாம் சொன்னார். வண்டி வரக் கால் மணி நேரமாம். தேக்குக் கதவு தூள்தூளாம். முடி வெட்டுகிறவரும் தையல்காரியும் விளையாடும் விளையாட்டா இது? நகராட்சிக்கு உங்கள் பெயரில் புகார் எழுதி இக்கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஸ்டாம்ப் பேடும் கூடவே வருகிறது. கைநாட்டு வைத்துக் கொடுத்துவிடுங்கள். அந்தப் படையைக் கலைக்கட்டும். இனி எந்த நம்பிக்கையில் உங்களை அங்கே விடுவது? என்னோடு வந்துவிடுங்கள்.

உங்கள் மகன்

மார்ச் 22

மகனே,

கோணல் என் கை. தையல்காரம்மா ஞாயிறுதோறும் தீயணைப்பு வண்டிக் கொட்டகையில் எழுத்து சொல்லித் தருகிறார். ஆறு மாதமாகப் போகிறேன். உன் புகாரை எழுத்துக் கூட்டி மூன்று நாளில் படித்து முடித்தேன். ‘அஜாக்கிரதை’ என்ற ஒரு சொல்லே ஒரு காலைப்பொழுதை விழுங்கிவிட்டது.

அது யாருடைய அஜாக்கிரதை தெரியுமா? பசை காய்ச்சும் அடுப்பை எரியவிட்டுத் தூங்கியவன் நான். உள்தாழ்ப்பாள் போட்டவன் நான். விழித்த பிறகும் வெளியே ஓடாமல் இழைப்புளியைத் தேடியவனும் நானே. தாமதம் என்கிறாய். தீயணைப்பு வண்டியை ஓட்டுபவர் பேருந்து ஓட்டுநர். பயணிகளை நடுரோட்டில் கொட்டிவிட்டா வருவார்?

இதையெல்லாம் உன் புகாரின் பின்பக்கத்திலேயே எழுதினேன். முன்பக்கத்தை அடித்துவிட்டேன். அதை நகராட்சியில் நீட்டியபோது எழுத்தர், “பெரியவரே, இங்க கட்டவிரல வைங்க” என்றார்.

“தள்ளி நில்லுங்க தம்பி, கையெழுத்துப் போடப் போறேன்” என்றேன். வரிசை முழுக்கக் காத்திருந்தது. காத்திருக்கட்டும்! என் பெயரை ஓர் எழுத்து விடாமல் போட்டேன்.

நான் எங்கும் வரமாட்டேன். நீ வா. சனிக்கிழமை வா, அன்று கொட்டகை வாசலில் எல்லோரும் குழாய் கழுவுவார்கள். “எங்கப்பாவக் காப்பாத்துனீங்க, நன்றி” என்று அவர்கள் முகம் பார்த்துச் சொல். பிறகு வீட்டுக்கு வா, வயிறாரச் சாப்பிடலாம். சொல்ல வாய் வராவிட்டால் அடுத்த பேருந்திலேயே திரும்பிவிடு.

உன் அப்பா