அறுபத்திரண்டாம் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அத்தான் இறந்து மூன்று மாதமாகியும் நான் ஒரு வரி எழுதவில்லை. அதற்குக் காரணம் தேடி எழுதினால் இன்னும் கேவலமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றாலே எரிந்து விழுகிறார். அவருடைய பழமொழி விளக்கப் புத்தகம் பள்ளிகளில் நன்றாகப் போகிறது. ஐந்தாம் பதிப்புக்கான அச்சுப்படியை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், வேறு இடம் கிடைக்கும்வரை பின்னறையில் நீயும் குழந்தையும் இருந்துகொள்ளலாமா என்று நீ கேட்டிருந்ததைக் குரல் மாறாமல் வாசித்தேன். தாத்தாவின் புத்தகத்தில் அறுபத்திரண்டாம் பக்கத்தைக் குழந்தை பள்ளிப் போட்டியில் ஒப்பித்து முதல் பரிசு வாங்கினாள் என்ற இடத்தில்தான் வரி தவறி, மறுபடி வாசித்தேன். அவள் வீட்டில் சொல்லிப் பழகியதை நீ கேட்டிருப்பாய். அந்தப் பக்கத்தில் வருவது யாரென்று நீ அவளிடம் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன்.

நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை உனக்கு மறந்திருக்காது. அன்றைக்குத் தப்புச் செய்தவருக்கு அப்பா ஒரு பழமொழி சொல்வார். அதன் பொருளைச் சரியாகச் சொன்னால்தான் தட்டில் சாப்பாடு விழும். அதுவரை அம்மா கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நிற்பாள். நீ விளக்குக் கண்ணாடியை உடைத்த அன்று மூன்று முறை தப்பாகச் சொல்லிப் பட்டினியாகப் படுத்தாய். எனக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அம்மாவுக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. பழமொழியில் கிணறு வந்தால் கிணற்றைப் பற்றியே சொல்வாள். நேர்பொருள்காரி என்று அப்பா பெயர் வைத்தார். நாமும் சிரித்தோம்.

அதே மேசையில்தான் உன் கடிதத்துக்கு அப்பா பதில் சொன்னார். "வரட்டும். நான் வேண்டாம்னு சொல்லலையே. வந்த அன்னிக்குக் குழந்தை அந்தப் பக்கத்தை இங்க ஒப்பிக்கட்டும். பொருளை அவ அம்மா சொல்லட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

குழந்தையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள் அம்மா. அப்பா உடனே அவளுக்கு ஒரு பழமொழி சொல்லிப் பொருள் கேட்டார். அவளுக்கு வரவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

இனி எழுதப்போவதைப் படித்தபின் என்னைத் தங்கை என்று கூப்பிட உனக்கு மனம் வருமோ என்னவோ. அறுபத்திரண்டாம் பக்கத்து உதாரணக் கதை அப்பா எழுதியதல்ல. நீ அத்தானோடு வீட்டைவிட்டுப் போன அந்த வாரத்தில், ஒரு உதாரணம் எழுதிக் காட்டு பார்க்கலாம் என்றார் என்னிடம். எனக்குப் பதினைந்து வயது. பெற்றவர் சொல் கேளாமல் தையல்காரனோடு போன பெண், சில வருஷம் கழித்து வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றாள் என்று எழுதினேன். கடைசி வரி, 'கதவு திறக்கவில்லை.' அப்பா ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் என் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் என்னைத் தொட்டது எனக்கு நினைவு தெரிந்து அந்த ஒரு முறைதான். நீ அப்போது எந்த வாசலிலும் வந்து நிற்கவில்லை, அக்கா. அந்த முடிவை நானாகக் கட்டினேன்.

நேற்று அச்சுப்படி வாசிக்கும்போது 'கதவு திறந்தது' என்று மாற்றி வாசித்தேன். கண் தெரியாவிட்டாலும் அவருக்குப் புத்தகம் முழுக்க மனப்பாடம். "திறக்கவில்லைன்னு போடு" என்றார். போட்டேன்.

இன்று காலை அம்மா பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். எதற்கென்று கேட்டேன். கதவு திறக்கவில்லை என்றுதானே நேற்று நீ வாசித்தாய் என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

கதவு திறக்கும், அக்கா. அந்த மேசையைத் தாண்டித்தான் பின்னறைக்குப் போக வேண்டும். அவர் குழந்தையை ஒப்பிக்கச் சொல்லும்போது நான் எழுந்து தடுப்பேன் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை வருஷம் நான் எழுந்ததில்லை. வேறு போக்கிடம் இருந்தால் வராதே. இல்லையென்றால் வருமுன் அவளிடம் நீயே சொல்லிவிடு. சித்திதான் எழுதினாள் என்பதையும் சேர்த்துச் சொல்.

பரிசு வாங்கிய பிள்ளைக்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும் என்று எல்லோரும் வாழ்த்துவார்கள். நான் அவளை வாழ்த்துகிறேன்: எல்லாம் அவளுக்குச் சீக்கிரம் மறந்துபோகட்டும்.

உன்,
தங்கை