வாசலோடு திரும்பிய நர்ஸ்

அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால்தானே போடுகிறீர்கள்?

கவனிப்பார் இல்லாமல் இறந்துபோன முதியவர்களின் கோப்புகளை மறுபடி படித்து, தவறு எங்கே நடந்தது என்று பார்ப்பதுதான் என் வேலை. போன வாரம் வயதான ஒரு லாரி டிரைவரின் கோப்பு வந்தது. மகன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகி இறந்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைப் பார்க்கப் போன நர்ஸிடம் மகன் இரண்டு முறையும், "அப்பா தூங்குறாரு" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறான். அவளும் அதை எழுதிவைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

கூட்டத்தில் பெரிய டாக்டர், "வயசாயிடுச்சும்மா, இதுல என்ன இருக்கு?" என்று கோப்பை மூடப் போனார்.

"வயசானா முடி நரைக்கும் சார். எலும்பு தெரியுற அளவுக்குப் புண்ணு வராது" என்றேன். உங்கள் வாய் எனக்கும் வந்துவிட்டது, என்ன செய்ய!

அவர் கோப்பைத் திறந்து மறுபடி படித்தார். கூட்டம் முடிவதற்குள் ஒரு விதியை எழுதி வாங்கிவிட்டேன். இனி வீட்டார் நர்ஸை ஒருமுறை திருப்பி அனுப்பினாலும், அன்றைக்கே இரண்டு பேர் போய் அந்த மனிதரை நேரில் பார்க்க வேண்டும். டிரைவருக்கு அது உதவாது. ஆனால் நேற்று அப்படிப் போனதில் ஒரு அம்மாள் உயிரோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்துவையுங்கள். வீடியோவில் உங்கள் முகம் மட்டும்தான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை போனை எங்காவது சாய்த்துவைத்துவிட்டு, சமையலறை வரைக்கும் நடந்து காட்டுங்கள் அம்மா. பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்